சுங்கை சிப்புட்டில் ஒரு போன் பழுதுக் கடை: மூன்று வருட அனுபவம்

மலேசியாவின் பேரா மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில், பழைய கடை வரிசையில், முடிதிருத்தும் கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவில் பத்தடி அகலத்தில் ஒரு கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. பலகையில் எழுத்து வெயிலில் வெளுத்துவிட்டது. யாரும் பெயர் சொல்வதில்லை, "தம்பி கடை" என்றால் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். மூன்று வருடமாக எங்கள் வீட்டுப் போன் ஐந்தும் அங்கேதான் போகின்றன. கடையின் நல்லதையும், திருத்திக்கொள்ள வேண்டியதையும் எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது ஒரு கேங் ஆட்களை மேற்பார்ப்பவன். என் அப்பாவும் மண்டோர்தான், பால் மரம் (ரப்பர்) இருந்த காலத்தில். அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கும், அது போதும். எனக்குப் போன் இல்லாமல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டே நடக்காது. விடியுமுன் யார் வந்தார்கள், யார் லீவு என்று ஆபீஸ் குழுவில் போட வேண்டும். குலை வெட்டி ரோட்டோரம் அடுக்கியதும் ஒவ்வொரு குவியலையும் படம் பிடித்து, எந்த நிரை, எத்தனை குலை என்று ஆபீஸ் கணக்கரான கிராணிக்கு அனுப்ப வேண்டும். லோரிக்காரரைக் கூப்பிட்டு எந்த ரோட்டில் இறங்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். கிடக்கக் கிடக்க பழத்தில் அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். ஆகவே, என் போன் அணைந்தால் நஷ்டம் என் வீட்டோடு நிற்காது.

அப்படித்தான் ஒரு நாள் அணைந்தது. இரவு சார்ஜில் போட்டேன், காலையில் 4 விழுக்காடு. வயரை மாற்றினேன், சார்ஜர் தலையை மாற்றினேன், மகனின் சார்ஜரில் போட்டேன். ஏறவில்லை. பெரட்டு முடிவதற்குள் செத்துவிட்டது. அன்று மழை வேறு. லோரிக்காரர் வழக்கமான ரோட்டுக்குப் போய் யாரையும் காணாமல் திரும்பிவிட்டார். உள்ரோட்டில் அடுக்கிய குலை இரவு முழுக்க நனைந்துகொண்டு கிடந்தது. மறுநாள் கிராணியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போது எனக்குத் தம்பி கடையைத் தெரியாது. பெரிய ஊரில் கொடுத்தால்தான் சரியாக இருக்கும் என்று நினைத்து ஈப்போவில் ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோனேன். குளிர்சாதனம், எண் சீட்டு, சீருடை எல்லாம் இருந்தது. போனை வாங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாம் நாள் கூப்பிட்டு, "எல்லாவற்றையும் அழித்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஒன்பதாம் நாள், "போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். பரிசோதனைக் கட்டணம் 50 வெள்ளி (ரிங்கிட்). என்ன பார்த்தார்கள், எங்கே பழுது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஒன்பது நாளில்தான் போனுக்குள் என்னென்ன மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. மகள் தஞ்சோங் மாலிமில் படிக்கிறாள், விடுதிக்குப் பணம் அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் பணம் அனுப்புவதை ஒப்புக்கொள்ள வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்ஸில் டேக் எண் வரும். சிம்மை எடுத்து மனைவியின் போனில் போட்டால் காரியம் முடிந்துவிடும். 2022இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா எஸ்எம்எஸ் எண்ணை விட்டுவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறச் சொன்ன பிறகு, வங்கிகள் ஒப்புதலைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. அதுவும் ஒரே ஒரு போனில்தான். வேறு போனுக்கு மாற்றினால் புதிதாகப் பதிய வேண்டும், பதிந்த பிறகும் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதில் வங்கியைக் குறை சொல்ல மாட்டேன். நம் எண்ணைத் திருடி ராத்திரியோடு ராத்திரியாகக் கணக்கைத் துடைத்தவர்கள் இருந்ததால்தான் இந்த ஏற்பாடு. ஆனாலும், வேலையை விட்டு டவுனுக்குப் போய், ஏடிஎம் மிஷின் முன்னால் வரிசையில் நின்று, மனைவியின் போனில் பதிந்து, மறுநாள் பணம் அனுப்பும்வரை அந்தப் பிள்ளை தோழியிடம் கடன் வாங்கிச் சாப்பிட்டது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

செத்த போனை வீட்டில் வைத்திருந்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் லோரி அட்டெண்டன்தான், "அண்ணே, தூக்கிப் போடாதீங்க, தம்பிகிட்ட ஒரு தடவை காட்டுங்க" என்றார்.

கடையில் ஒரு மேசை, மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பழுது பார்ப்பது நம் கண் முன்னால்தான், கண்ணாடித் தடுப்பு எதுவும் கிடையாது. தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம். கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்கு வந்துவிட்டவர். போனைக் கையில் வாங்கியதும் திறக்கவில்லை. சார்ஜ் போடும் துளையைப் பூதக்கண்ணாடிக் குழாயின் அடியில் வைத்தார். பக்கத்தில் ஒரு சின்னத் திரை. அதில் அந்தத் துளை ஒரு குகை மாதிரித் தெரிந்தது. ஓரமெல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சை.

"அண்ணே, நீங்க உரம் போடுற பக்கம் வேலையா?"

ஆமாம் என்றேன். அந்த வாரம் பொட்டாஷ் போட்டுக்கொண்டிருந்தோம். சிவப்பு உப்பு மாதிரி இருக்குமே, அதுதான். மூட்டை அவிழ்க்கும்போது கையில் ஒட்டும், அதே கையால் போனை எடுத்துப் படம் பிடிப்போம்.

"பொட்டாஷும் உப்புதான் அண்ணே. காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கிட்டு செம்ப அரிச்சிடும். உங்க போர்டு நல்லாத்தான் இருக்கும். இந்தத் துளையும் அதுக்குக் கீழ இருக்குற சின்ன போர்டும்தான் போயிருக்கும்."

பின்மூடியைச் சூடுகாட்டித் திறந்தார். ஒவ்வொரு திருகையும் எடுத்த இடத்தின் வரிசைப்படியே காந்தப் பலகையில் வைத்தார். பெரிய போர்டின் ஓரத்தில் ஒரு புள்ளி அளவுக்குப் பச்சை ஏறியிருந்தது. அதை ஆல்கஹாலில் நனைத்த சின்ன பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, திரையில் எனக்குக் காட்டிக் காட்டிச் சுத்தம் செய்தார். கீழேயிருந்த சின்ன போர்டை மாற்றினார். வயரைச் சொருகியதும் பேட்டரிப் படம் வந்தது. நாற்பது நிமிடம், 65 வெள்ளி. அழித்தது எதுவும் இல்லை, படம், கணக்கு, வங்கிச் செயலி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கழற்றிய பழைய துண்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். எது மாற்றினாலும் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார், கேட்க வேண்டியதே இல்லை. மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லும் கடைகள் இருக்கும் ஊரில் இந்த ஒரு பழக்கத்துக்காகவே அவரை நம்பலாம்.

உரம் போடும் நாளில் போனை ஜிப் பையில் போட்டுச் சட்டைப்பையில் வைக்கச் சொன்னார். துளைக்கு ஒரு ரப்பர் மூடி கொடுத்தார், 2 வெள்ளி. தண்ணீரில் விழுந்தால் அரிசியில் புதைப்பதையும் வேண்டாம் என்றார். அரிசி உள்ளே போன தண்ணீரை உறிஞ்சி எடுப்பதில்லை, நாம் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே துரு பிடிக்கிறது, தூசியும் மாவும் துளைக்குள் போகின்றன. உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், அன்றைக்கே கொண்டுவரச் சொன்னார். அன்று முதல் எங்கள் கேங்கில் எல்லார் போனும் ஜிப் பையில்தான் இருக்கிறது. பைக்கு மேலேயே விரலால் தொட்டுப் படம் எடுக்கலாம், ஒன்றும் சிரமமில்லை.

இரண்டாவது முறை போனது லைன் பிரச்சினைக்காக. எங்கள் தோட்டத்தில் லைன் என்பது ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாதிரி. மாரியம்மன் கோயில் மேட்டில் நாலு கோடு, பள்ளத்தில் ஒன்றுமே இல்லை. எனக்கு ஒரு விஷயம் புரியாமலே இருந்தது. கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் செத்துவிடும், பேசி முடித்ததும் படபடவென்று பத்துச் செய்தி வந்து விழும். டெலிகோமைத் திட்டிக்கொண்டிருந்தேன். தம்பி விளக்கினார். 2021 முடிவோடு நாடு முழுக்க 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள், எங்கள் பக்கம் பேச மிச்சம் 4ஜியும் பழைய 2ஜியும்தான். போனில் வோல்டி என்கிற, 4ஜியிலேயே பேச வைக்கும் அமைப்பு அணைந்திருந்தால், பேச்சு வரும்போதெல்லாம் போன் 4ஜியை விட்டு 2ஜிக்கு இறங்கிவிடும், இன்டர்நெட் நின்றுவிடும். செட்டிங்கில் போய் அதைத் திறந்துவிட்டார். பேசிக்கொண்டே படம் அனுப்ப முடிந்தது. காசு கேட்கவில்லை. நான் நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

பள்ளத்தில் வேலை செய்யும் நாளில் பகல் இரண்டு மணிக்கே பேட்டரி காலியாவதற்கும் காரணம் சொன்னார். கோபுரம் தூரமாக இருந்தால் போன் பலம் கொண்ட மட்டும் கத்தும், லைன் தேடித் தேடியே தீர்ந்துபோகும். லைனே இல்லாத இடத்தில் விமான முறையில் போட்டுவிட்டு, மேட்டுக்கு வந்ததும் அதை எடுத்துவிடுங்கள் என்றார். அப்படித்தான் செய்கிறேன். படமெல்லாம் பள்ளத்தில் எடுத்து வைத்துக்கொள்வேன், கோயில் மேட்டுக்கு வந்து மொத்தமாக அனுப்புவேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது 30 விழுக்காடு மிச்சம் இருக்கிறது.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. அவரிடம் இருப்பது பட்டன் போன். தொடுதிரை வாங்கிக் கொடுத்தோம், அவருக்கு ஒத்துவரவில்லை. நாற்பது வருடம் பால் கத்தி பிடித்த விரல், நுனி காய்த்துப்போய் இருக்கிறது. தொட்டால் திரைக்குத் தெரிவதில்லை, அழுத்தினால் வேறு எதுவோ திறக்கிறது. பட்டன் போனில் 2ஐ அழுத்திப் பிடித்தால் நான், 3 என்றால் சிங்கப்பூரில் இருக்கும் தங்கச்சி. அதுவும் தம்பி அமைத்துக் கொடுத்ததுதான். அம்மாவின் பிரச்சினை வேறு. அவர் அதிகம் பேசமாட்டார், பிரிபேட்டில் காசு அப்படியே இருக்கும், ஆனால் நாள் முடிந்துவிடும். ஒரு தடவை 38 வெள்ளி இருந்த எண் காலாவதியாகிவிட்டது. தங்கச்சி மூன்று நாளாகக் கூப்பிட்டுக் கிடைக்காமல், அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பயந்து அழுதுவிட்டாள். இப்போது ஒவ்வொரு முறை டாப் அப் செய்யும்போதும் தம்பி ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் கடைசித் தேதியை எழுதிப் போனின் முதுகில் ஒட்டிவிடுகிறார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், எண் நன்றாகத் தெரியும். தேதி நெருங்கினால் அவரே, "டேய், என் போனுக்கு நாளாச்சுடா" என்று நினைவுபடுத்திவிடுகிறார்.

இனி குறை.

மனைவியின் போன் கீழே விழுந்து திரை உடைந்தது. ஒரிஜினல் 320 வெள்ளி, காப்பி 150 வெள்ளி என்றார் தம்பி. காப்பி எடுத்தோம். அது பழைய வகைத் திரை, ஒரு மயிரிழை தடிமன் கூடுதல், கண்ணாடிக்கு அடியில் விரல் வைத்துத் திறக்கும் வசதி அதில் வேலை செய்யாது. இதைப் போடும் முன்பே சொன்னார், அது சரி. ஆனால் நாலே மாதத்தில் கீழ்ப்பகுதி தொட்டால் கேட்காமல் போனது. வாட்ஸ்அப்பில் எழுதுவதே கீழ்ப்பகுதியில்தானே! கொண்டுபோனபோது உத்தரவாதம் மூன்று மாதம்தான் என்றார். முதலில் அதை வாயால்கூடச் சொல்லவில்லை, எழுதியும் கொடுக்கவில்லை. பேசிப் பார்த்ததில் பாதி விலைக்கு வேறு திரை போட்டுக் கொடுத்தார், அது இன்றுவரை நன்றாக இருக்கிறது. இருந்தாலும் ஒரு துண்டுச் சீட்டில் தேதி, விலை, உத்தரவாதம் மூன்றையும் எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு முகம் சுளித்துப் பேச வேண்டியிருந்திருக்காது. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். இப்போது கேட்டால் எழுதித் தருகிறார். கேட்காமலே தர வேண்டும் என்பது என் கருத்து.

விலைப் பலகையும் இல்லை. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், கடை வாசலில் இந்தோனேசியர், பங்களாதேஷ்காரர், நேப்பாளி என்று வரிசை நிற்கும். எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் கைகள் பெரும்பாலும் அவர்களுடையவைதான். பெற்ற குழந்தையின் முகத்தைத் திரையில் மட்டுமே பார்த்த பையன் ஒருவன் என் கேங்கில் இருக்கிறான். அந்தப் போன் உடைந்தால் அவன் சாப்பிடமாட்டான். இப்படிப்பட்டவர்கள் பேரம் பேசமாட்டார்கள், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தம்பி அவர்களிடம் கூடுதலாக வாங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் சுவரில் விலை எழுதியிருந்தால் யாரும் யாரையும் நம்ப வேண்டிய தேவையே இருக்காது.

சொல்லாமல் கொள்ளாமல் கடையை மூடுவதும் உண்டு. சாமான் வாங்கக் கோலாலம்பூருக்குப் போனால் இரண்டு நாள் கதவு திறக்காது. மோட்டாரில் பதினெட்டு கிலோமீட்டர் வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன்.

பாதுகாப்பு விஷயத்தில் அவரிடம் ஒரு குறையும் இல்லை. பூட்டு எண்ணைக் கேட்கமாட்டார், நம்மையே தட்டச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வார். போனை விட்டுவிட்டுப் போக வேண்டுமென்றால் சிம்மைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார். வசதி இருக்கிற போன்களில் பராமரிப்பு முறை என்று ஒன்றைத் திறந்துவிடுகிறார், அதில் போட்டால் நம் படமும் செய்தியும் பழுது பார்ப்பவருக்குத் தெரியாது. மனைவி, மகள் போனைக் கொடுக்கும்போது இதெல்லாம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

மேசையின் கீழே மணல் நிரப்பிய ஒரு மைலோ டின் இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். வீங்கிய பேட்டரிக்கு என்றார். பெரியம்மாவின் போன் பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றபோது, "நல்லாத்தானே பேசுது" என்று ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். தம்பி அதைப் பார்த்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டார். உள்ளே வாயு நிரம்பியிருக்கிறது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் என்று சொல்லி, மெல்ல நெம்பி எடுத்து மணலில் புதைத்தார். பெரியம்மா அதைத் தினமும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சுவரில் பெரிய எழுத்தில் 997 என்று எழுதியிருக்கிறது. மோசடி நடந்தால் கூப்பிடும் எண். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தோட்டத்து டிராக்டர்காரர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. தெரியாத எண்தான், ஆனால் நம் வீடுகளில் பத்திரிகை வந்தால் திறக்காமல் இருப்போமா? அது பத்திரிகை இல்லை, போனில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு. திறந்து, கேட்டதற்கெல்லாம் சரி என்று அழுத்திவிட்டார். போன் தானாக என்னவோ செய்கிறது என்று பதறிப்போய்த் தம்பி கடைக்கு ஓடினார். தம்பி முதலில் இன்டர்நெட்டை அணைத்தார், தன் போனில் 997ஐக் கூப்பிட்டு அவரையே பேச வைத்தார், அப்புறம் வங்கிக்கு. 600 வெள்ளி போய்விட்டது. மீதி 2,000 சொச்சம் தப்பியது. பிறகுதான் அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, போனைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தார். அன்று மாலையே சுவரில் எண் ஏறியது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், எதையும் நிறுவச் சொல்லாது என்று வருகிற எல்லாரிடமும் சொல்கிறார்.

போகிறவர்களுக்கு: காலை பத்தரைக்குத் திறப்பார், இரவு எட்டு வரை. சம்பள வாரத்து ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், புதன், வியாழன் நல்லது. கிளம்பும் முன் கூப்பிட்டுக் கேளுங்கள். விலையை முதலிலேயே பேசிச் சீட்டு கேளுங்கள். திரை மாற்றுவதென்றால் முடிந்தவரை ஒரிஜினல் போடுங்கள்.

போன மாதம் என் போனுக்குப் புதுப் பேட்டரி போடப் போனேன். 85 வெள்ளி எடுத்து வைத்திருந்தேன். தம்பி செட்டிங்கைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "அண்ணே, இதுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்னு ஒரு வருஷமாச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல வங்கிச் செயலியே இதுல ஓடாம போகலாம். பேட்டரிக்குக் காசு போடாதீங்க. அந்த 85 வெள்ளிய அப்படியே வைங்க, தீபாவளிக்கு முன்னாடி போன மாத்திக்கலாம்." நாற்காலியில் அடுத்து உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நான் காசை மடித்துச் சட்டைப்பையில், ஜிப் பைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மோட்டாரை எடுத்தேன்.